மஞ்சக்குட்டையில் ஒரு அரை விசில்

ஓய்வு பெறுகிறவர்களுக்குப் போர்த்துகிற சால்வையை எனக்கும் போர்த்தினார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. எங்கள் சேலம் அலுவலகத்திலிருந்து இதுவரை விலகிப் போனவர்கள் எல்லாரும் முட்டி வலியால் போனவர்கள். பாத்திர மூட்டையோடு மாடிப்படி ஏற முடியாமல் போனவர்கள். அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சால்வை, ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு வார்த்தை. பி.எட். முடித்துவிட்டேன், ஏற்காடு மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது, விலகுகிறேன் என்று நான் சொன்னதும், வேறு வழக்கம் தெரியாததால் அதையே எனக்கும் செய்துவிட்டார்கள். கூடவே ஒரு குக்கர் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் நான் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்ற அதே குக்கர். அதன் மூடியை எப்படித் திறப்பது என்று அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நானும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

விழா முடிந்ததும் புதிய பெண்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, மலையில் நீங்கள் நடத்திய கேள்வி பதில் ஆட்டத்தை எப்படி நடத்தினீர்கள், எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். எழுதிக் கொடு என்று என்னிடம் யாரும் இரண்டாவது முறை கேட்க வேண்டியதில்லை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைப்பவர்கள். அதனால் மளிகைச் சாமான் எழுதச் சொன்னால்கூட நான் முன்னுரை முடிவுரையோடுதான் எழுதுவேன். இந்தப் பழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலத்தில், காற்றாடி சுற்றாத ஒரு மாடி அறையில், காலிப் பாத்திரத்தில் இல்லாத சாம்பாரைக் கிளறக் கற்றுக்கொண்டோம். இல்லாத ஆவியை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தில் நான்தான் முதல்.

வேலை இதுதான். ஒரு வீட்டுக்காரம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுவார். நாங்கள் பாத்திரங்களோடு போய் அவர்கள் கண்ணெதிரே சமைத்துக் காட்டுவோம். அவர்கள் சாப்பிடுவார்கள், பிடித்திருந்தால் ஆர்டர் கொடுப்பார்கள். கூப்பிட்ட வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பாத்திரம் பரிசு. அலுவலகம் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஊரில் எல்லாரும் டெமோ என்றார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் புஷ்பவதி மேடம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மூக்குக்கண்ணாடி, கைப்பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள். ஒன்று முகத்துக்கு, மற்றது குக்கர் மூடிக்கு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்திரங்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாக வைப்பார். எல்லாக் கைப்பிடிகளும் வீட்டுக்காரம்மாவைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். “அவுங்க பொருள் மாதிரி அவுங்க கைக்கு நேரா இருக்கோணும் கண்ணு” என்பார். பிறகு மூடியை எடுத்து, விளிம்பை ஒரே சுற்றில் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடுவார். அதற்கப்புறம் பேச்சே கிடையாது. யாராவது வாய் திறந்து விலை கேட்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “வாங்குங்க” என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கேட்கிறவர்களாகவே கேட்க வேண்டும், நாமாகக் கேட்டால் அது பிச்சை என்பது அவர் கொள்கை.

சேலத்தில் இது நன்றாக வேலை செய்தது. கீழே இருக்கிற பெண்களால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. யாராவது ஒருத்தி எதையாவது பேசிவிடுவாள். பேசிவிட்ட குற்றத்துக்காக ஒரு தவாவாவது வாங்கிவிடுவாள். மலையில் வந்தது சிக்கல். எங்கள் மலைப் பெண்கள் மேடத்தைவிட மௌனத்தில் கெட்டிக்காரர்கள். அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார், அவர்களும் சர்ச்சில் பிரசங்கம் கேட்பதுபோலப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் பிரியாணியைச் சாப்பிட்டு, கையைக் கழுவி, “நொம்ப நல்லா இருந்துதுங்க, ஊட்ல கேட்டுட்டுச் சொல்றேனுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஏற்காட்டிலும் அப்படித்தான், கொட்டச்சேட்டிலும் அப்படித்தான். வீட்டில் யாரிடம் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பது இன்றுவரை தெரியாது.

ஒருநாள் ஏற்காடு பஸ் நிறுத்தத்தில் மேடம் என்னிடம் சொன்னார். “கண்ணு, மலையை மூடிரலாம்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க.”

கடையை எடுத்துவைத்துவிட்டு விளக்கை அணைப்பதுபோல அவர் சொன்னார். மலையில் விற்பனையை நிறுத்தினால் எனக்குச் சேலத்தில் இடம் கிடையாது. அங்கே ஏற்கனவே ஆட்கள் அதிகம். இந்தச் செய்தி எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள், புள்ளைக்கு வேலை போனால் பழம் பறிக்க அனுப்புகிறேன் என்று. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேலைதான் என்னைப் படிக்கவைத்தது. ஆனால் படிக்கவைத்ததே நான் அந்தக் கூடையைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான். என் கழுத்தில் அப்போது ஒரு அடையாள அட்டை தொங்கியது. எங்கள் வீட்டில் ஒருவர் பெயர் அச்சடித்து வந்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்வார் அப்பா. நான் மறந்துவிட்டால் திரும்பி வீட்டுக்குப் போய் எடுத்து வருவார். அந்த அட்டையைக் கழற்றுவது என்னால் ஆகாது.

ஆட்டம் பிறந்தது ஏற்காட்டில், ஒரு லாட்ஜ் மேனேஜர் வீட்டில், கேஸ் தீர்ந்துபோனதால். வெங்காயம் பாதி வதங்கியபோது அடுப்பு அணைந்துவிட்டது. வேறு சிலிண்டர் வாங்கிவர ஆள் போனான். பாயில் இரண்டு வரிசையாகப் பெண்கள், நடுவில் பாதி வதங்கிய வெங்காயம், நான். மேடம் அன்று வரவில்லை. அந்த அமைதியில் என் காதுக்குள்ளேயே ஏதோ ஊளையிட ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் வினாடி வினாவில் பரிசு வாங்கியவள் நான். வேறு வழி தெரியாமல், வெண்டைக்காய் வழவழப்புப் போக என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டேன்.

முதல் வரிசையில் ஒருவர் மோர் என்றார். பின்வரிசையில் ஒருவர், மோரா, எலுமிச்சைதான் என்றார். நறுக்குவதற்கு முன்னால் துணியால் துடைக்காதவர்கள்தான் மோரையும் எலுமிச்சையையும் தேடுவார்கள் என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். சிலிண்டர் வந்தபோது அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டுவந்த ஆளிடமும் கேள்வி கேட்டார்கள், அவனுக்குத் தெரியவில்லை, அவனை அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அதை முறைப்படுத்தினேன். பள்ளிக்கூடத்தில் எதையும் முறைப்படுத்தத்தானே கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டு அணிகள், ஒன்று மிளகு, ஒன்று காப்பி. பதில் தெரிந்தவர்கள் கரண்டியால் தட்டைத் தட்ட வேண்டும். முதலில் எங்கள் தவாவையே தட்டச் சொன்னேன். ஒரே மாலையில் அது தோசைக்கல்லாக இருந்து பணியாரக்கல்லாக மாறிவிட்டது. பிறகு அவரவர் வீட்டு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். மாமியாரும் மருமகளும் ஒரே அணியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கேள்விக்குப் பதில் வராது, வேறு பழைய விஷயங்கள்தான் வரும். போன் கூடாது. கொட்டச்சேட்டில் ஒருவர் குளியலறைக்குள் போய் அம்மாவுக்குப் போன் போட்டு ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது என்று கேட்டார். காது மந்தமான அந்த அம்மா சொன்ன பதிலை டெமோவுக்கு வந்த எல்லாரும் கேட்டோம். இரண்டு அணிக்கும் புள்ளி கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

புதியவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கேள்வியை வாயால் மட்டும் முடிக்கவிடக் கூடாது. எண்ணெய் இல்லாமல் இந்தத் தவாவில் முட்டை ஒட்டுமா ஒட்டாதா என்று கேட்டால், பதில் சொன்னவரே எழுந்து வந்து ஊற்றிக் காட்ட வேண்டும். ஒருவர் கையில் கரண்டி ஏறிவிட்டால் அவர் எதிர் அணிக்கு முன்னால் அந்தத் தவாவை விட்டுக்கொடுக்க மாட்டார். ஒட்டினாலும் ஒட்டவில்லை என்று சாதிப்பார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், கொஞ்சம் சத்தமாக.

ஆர்டர்கள் மெல்ல வர ஆரம்பித்தன. அதைவிட வேகமாகப் புகார் போனது. ஏற்காட்டில் ஒரு கணவர், தன் மனைவி தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து, சாப்பிடும் போதெல்லாம் தன்னிடம் கேள்வி கேட்பதாகவும், பதில் தெரியவில்லை என்றால் குழம்பு ஊற்றுவதில்லை என்றும் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார். மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “நாம குக்கர் விக்கறமா, கூத்து நடத்தறமா கண்ணு?” அலுவலகம் முடிவை அவரிடமே விட்டுவிட்டது. அடுத்து மஞ்சக்குட்டையில் நடக்கிற டெமோவை நேரில் பார்த்துவிட்டு, மலையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று அன்று மாலையே சொல்லிவிட வேண்டும்.

மஞ்சக்குட்டையில் கூப்பிட்டவர் ஜெசிந்தா அக்கா. எஸ்டேட் வேலைக்காரர், பரிசாக வரப்போகும் இட்லிப் பானைக்கு அலமாரியில் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்தார். வரிசை வீடுகள், பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருந்தது பிலோமினா அக்கா. அவருடைய கோழி ஜெசிந்தா அக்கா காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கிளறியதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் டெமோவுக்கு அவரைக் கூப்பிடவில்லை.

ஜீப்பில் வரும்போதே மேடம் சொல்லிவிட்டார், இன்றைக்கு ஆட்டம் வேண்டாம் என்று. சரி என்று தலையாட்டினேன். ஆனால் ஆட்டத்தின் பேச்சு எங்களுக்கு முன்னாலேயே மஞ்சக்குட்டைக்குப் போயிருந்தது. வீட்டுக்குள் போனால் மிளகு அணி முழுக்கப் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தது. காப்பி அணி அரக்குச் சேலையில். எல்லார் மடியிலும் தட்டு, கரண்டி. மேடம் பாத்திரங்களை வரிசையாக வைத்தார், கைப்பிடிகளைத் திருப்பினார், மூடியைத் துடைத்தார், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனது. ஜெசிந்தா அக்கா எழுந்தார்.

“ஏனுங் மேடம், கேள்வி இல்லீன்னா நாங்க எதுக்குங்க வந்தோம்?”

மேடம் பார்வை பச்சையிலிருந்து அரக்குக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு கைப்பையைத் திறந்து, பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்த கேள்வி அட்டைகளை எடுத்து என்னிடம் நீட்டினார். அட்டையில் இருப்பதை மட்டும் கேட்கலாம், சொந்தக் கேள்வி கூடாது என்றார்.

முதல் அட்டை: ஒரு டம்ளர் துவரம்பருப்பு நம் குக்கரில் எத்தனை விசிலில் வேகும்?

காப்பி அணியின் தலைவி சுமதி தட்டைத் தட்டினார். சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் ஏற்காட்டில் ஹோட்டல் வேலை. “மூணுங்க.” அட்டையின் பின்பக்கத்திலும் மூன்று என்றுதான் இருந்தது. சரி என்றேன்.

“மூணு விசிலுக்கு எங்கூட்ல பருப்பு கண்ணே முழிக்காதுங்க” என்றார் மிளகு அணியிலிருந்து ஜெசிந்தா அக்கா. “அஞ்சுங்க. மலையில அஞ்சு.”

“கம்பெனியே மூணுங்குது. நீங்க கம்பெனிக்கு மேலயா?”

“கம்பெனி இங்க வந்து பருப்பு வேவிச்சுதா?”

இங்கே நான் எழுந்து நின்றேன். உயரத்துக்குப் போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், குக்கருக்குள்ளும் அந்தக் குறை கொஞ்சம் இருக்கும், ஆகவே பருப்பு வேக நேரமாகும் என்று காற்றில் விரலால் கோடு போட்டு விளக்கினேன். என் படிப்பு பயன்படுகிற நேரம் இதுதான் என்று நினைத்தேன். நான் முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் பிரியாணி எப்போது வரும் என்று கேட்டார்.

வைத்தே பார்த்துவிடலாம் என்று இரண்டு அணியும் ஒரே குரலில் சொன்னது. மேடத்தால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் எங்கள் குக்கரை நாங்களே நம்பவில்லை என்றாகிவிடும். பிரியாணி அரிசியை ஒதுக்கி வைத்துவிட்டுத் துவரம்பருப்பை ஏற்றினோம்.

நான் எத்தனையோ டெமோ நடத்தியிருக்கிறேன். ஒரு குக்கரை அவ்வளவு பக்தியோடு யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை. முதல் விசில் வந்தது. எல்லாரும் ஒரு விரலைத் தூக்கினார்கள். இரண்டாவது வந்தது. இரண்டு விரல். அடுத்து வந்தது என்ன என்பதுதான் சிக்கல். புஸ்ஸென்று கிளம்பியது, கொஞ்சம் யோசித்தது, அடங்கிவிட்டது.

“மூணு” என்றார் சுமதி.

“அதா? கோழி தும்முன மாதிரி இருந்துது. அது விசிலுங்களா?” என்றார் ஜெசிந்தா அக்கா.

“வந்த வரைக்கும் விசில்தானுங்க.”

“அப்ப அரை விசில்னு வெச்சுக்கோங்க. பருப்பும் அரையாத் திங்கோணும்.”

இந்த வாக்குவாதத்துக்கு நடுவே வீடே அதிர ஒரு முழு விசில் அடித்தது. சந்தேகமே இல்லாத விசில். காப்பி அணி தட்டுகளைத் தட்டிக்கொண்டு எழுந்தது. சுமதி பாய்ந்து போய் அடுப்பை அணைத்துவிட்டார். அப்போதுதான் மேடம் அந்தப் பெண்களிடம் முதல் தடவையாகத் தானாகப் பேசினார்.

“அது நம்ம விசில் இல்லீங்க. நான் வெயிட்டையேதான் பாத்துட்டிருந்தேன். நம்ம வெயிட் எந்திரிக்கவே இல்லை.”

எல்லாரும் சுவரைப் பார்த்தோம். அந்தப் பக்கம் இன்னொரு விசில் அடித்தது.

அந்தக் குக்கரை நிறுத்தினால்தான் ஆட்டம் நடக்கும். ஜெசிந்தா அக்கா போக முடியாது, பேச்சுவார்த்தை இல்லை. என்னை அனுப்பினார்கள். பிலோமினா அக்கா அடுப்படியில் நின்றிருந்தார், அன்று நடந்ததையெல்லாம் சுவர் வழியாகக் கேட்ட முகத்தோடு. விஷயத்தைச் சொன்னேன்.

“ஏங்கண்ணு, டெமோவுக்கு எங்களைக் கூப்புட மாட்டாங்க. எங்க விசில் மட்டும் அவுங்களுக்கு எடைஞ்சலா இருக்குதா?”

சொல்லிவிட்டு, குக்கரைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அது பழைய குக்கர். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. மூடியிலிருந்து தண்ணீர் தெறித்துக்கொண்டே வந்தது. பச்சைச் சேலைகளுக்கும் அரக்குச் சேலைகளுக்கும் நடுவில் அதை வைத்து, ஆவி அடங்கியதும் திறந்தார். துவரம்பருப்பு. கரண்டி பட்டதும் குழைந்தது.

பிறகு எங்கள் குக்கரைத் திறந்தோம். மிளகு அணியில் ஒருவர் ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினார். அது நசுங்கவில்லை; தெறித்துப் பறந்து போய் மேடத்தின் மூக்குக்கண்ணாடியில் பட்டது.

“கம்பெனிக் குக்கர்ல பருப்பு வேகலீங்க” என்று வாசலில் யாரோ யாருக்கோ சொன்னார்கள். அந்தச் செய்தி இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுத்த பஸ்ஸில் ஏறி ஏற்காடு போய்விடும். பாதி விசிலில் இறக்கிய பருப்பு என்று யார் சொல்லப் போகிறார்கள். நான் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடையும், ரைட்டர் முகமும், ஞாயிற்றுக்கிழமை அப்பா தேடப்போகிற அட்டையும் ஒன்றாகக் கண்ணில் வந்தன.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். மூடிக் கைக்குட்டை. அவருக்குள் ஏதோ இடம் மாறிவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

“இதை எத்தனை விசில் வெச்சீங்க?” என்று பிலோமினா அக்காவிடம் கேட்டார்.

“நான் எண்றதில்லீங்க. அடுப்புல வெச்சுட்டு ஜெபமாலை சொல்லுவேன். முழுசா முடிஞ்சா எறக்கிருவேன்.”

“எங்களுக்கு ஜெபமாலை தெரியாதுங்களே” என்றார் சுமதி. “நாங்க பருப்பைப் பச்சையாத் திங்கறதுங்களா?”

சீரியலில் இரண்டு விளம்பர இடைவேளை முடியும் வரை அடுப்பில் வைக்கலாம் என்று ஒருவர் வழி சொன்னார். விளம்பரம் வர வரக் கூடிக்கொண்டே போகிறது, பருப்பு அடிப்பிடிக்கும் என்று இன்னொருவர் மறுத்தார். ஜெசிந்தா அக்கா சுவரைப் பார்த்து, யாரிடமும் இல்லாததுபோல, “இவ ஜெபம் சொல்ற வேகத்துக்கு ரவைகூட வேகாது” என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் பிலோமினா அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிலோமினா அக்கா, வேண்டுமானால் இப்போதே சொல்கிறேன், விட்டுப்போனால் பிடி என்றார்.

மேடம் எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “மறுபடி வெக்கறோம். அதே டம்ளர், அதே பருப்பு. ரெண்டு அடுப்பு. அவுங்க குக்கர் அந்தப் பக்கம், நம்முது இந்தப் பக்கம். விசில்னா வெயிட் எந்திரிச்சு உக்காரோணும். மூச்சு விட்டா விசில் ஆகாது. அமலா, நீ வெயிட்டைப் பாரு. அவுங்க ஜெபம் சொல்லட்டும். கூடச் சொல்றவங்க சொல்லலாம்.”

அமலா என்பது நான். மேடம் என்னைக் கண்ணு என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அன்றுதான் முதல் தடவை.

அன்று அந்த வீட்டில் பாதிப் பேர் ஜெபமாலைக்குப் பதில் சொன்னார்கள், பாதிப் பேர் விசில் எண்ணினார்கள். ஜெசிந்தா அக்கா இரண்டையும் செய்தார். மூன்றாவது பத்து மணியில் பிலோமினா அக்கா ஒரு மணியைத் தாண்டிவிட்டார் என்று பிடித்துத் திரும்பச் சொல்லவைத்தார். எங்கள் குக்கர் ஒழுங்காக ஒவ்வொன்றாக அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பழைய குக்கர் இடையிடையே எல்லார் மேலும் தண்ணீர் தெளித்தது. எங்களுடையது ஐந்தாவது விசில் அடித்தபோது ஜெபமாலை கடைசி மணிக்கு வந்துவிட்டது. ஆமென் என்று எல்லாரும் சொல்லி முடிக்கிற நேரத்தில், எங்கள் குக்கர் மறுபடியும் புஸ்ஸென்று கிளம்பி, கொஞ்சம் யோசித்து, அடங்கியது.

இரண்டு அடுப்பையும் அணைத்தோம். திறந்தோம். இரண்டிலும் பருப்பு வெண்ணெய்போல இருந்தது.

“அஞ்சு” என்றார் ஜெசிந்தா அக்கா.

“அஞ்சரைங்க” என்றார் சுமதி. “நீங்களும்தான் தப்பு.”

எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். மூச்சு விட்டால் விசில் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். ஆனால் அந்த மூச்சு இல்லாமல் பருப்பு வெந்திருக்குமா? அவர் பருப்பையும் வெயிட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கும் தெரியலீங்களே” என்றார். பதினெட்டு வகைப் பாத்திரத்துக்கும் பதில் தெரிந்தவர் அவர். அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

பிரியாணி கடைசிவரை வரவில்லை. ஜெசிந்தா அக்கா வீட்டுச் சோற்றில் இரண்டு குக்கர் பருப்பையும் கடைந்து ஊற்றி எல்லாரும் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு நடுவே பிலோமினா அக்கா எங்கள் குக்கரின் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தார். மூடியைத் தடவினார். அது ஒரு சொட்டும் தெளிக்கவில்லை என்பதை அந்த அறையில் நனைந்திருந்த எல்லாரும் கவனித்திருந்தார்கள்.

“இது என்ன வெலைங்க?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

மேடம் சொன்னார். அதற்கப்புறம் அவருக்குச் சோறு சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. இட்லிப் பானை அலமாரியில் ஏறியது.

திரும்பும்போது ஜீப் நிறைய ஆட்கள். மேடம் முன்சீட்டில், நான் பின்னால். பாதி வழியில் அவருடைய போன் அடித்தது. சேலத்திலிருந்து பெரிய சார். முடிவு கேட்கத்தான். டிரைவரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு மேடம் போனைக் காதில் வைத்தார். நான் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாமுங்க சார், மலையை மூட வேண்டாம்” என்றார் மேடம். “ஆர்டரா? ஆர்டர் வந்திருக்குதுங்க, நொம்ப நல்லாவே வந்திருக்குதுங்க. அதுக்காக இல்லீங்க சார். இங்க அரை விசில் ஒண்ணு தீராம நிக்குது. அடுத்த வாரம் கொட்டச்சேட்டுல வெச்சுப் பாக்கோணும். அங்க இன்னும் கொஞ்சம் குளிரு.”

சார் ஏதோ கேட்டார். மேடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்; தும்மிய கோழி, ஜெபமாலை, பறந்து வந்த பருப்பு, ஒன்றையும் விடவில்லை. ஜீப்பில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடித்துவிட்டு மேடம் கேட்டார்.

“உங்கூட்ல எத்தனை விசிலுங்க சார்?”

டிரைவர் ஜீப்பை இன்னும் மெதுவாக ஓட்டினார். மலையின் தலையெழுத்து அந்தக் கேள்வியில் நின்றது. பிறகு பெரிய சார் பேசியது பின்சீட்டில் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

“பருப்புக்கா, அரிசிக்கா?”